பெயர் கேட்காத குரல்

ஒரு ஸ்கிரீன்ஷாட்டில்தான் இது தொடங்கியது. எங்கள் குடும்பப் புலனக் குழுவில் மொத்தம் நாற்பத்தோரு பேர். காலை வணக்கம், முருகன் படம், யார் வீட்டுத் திருமணம், எந்தக் கடையில் பாசுமதி மலிவு என்று ஓடிக்கொண்டிருக்கும் குழு. ஒரு நாள் இரவு ஒன்பது மணிவாக்கில் யாரோ ஒரு படத்தைப் போட்டார்கள். பெண்களுக்கான மூடிய முகநூல் குழு ஒன்றில் ஒரு பெண் எழுதியிருந்த பதிவு. தூக்கம் வரவில்லை, யாரிடமும் பேச முடியவில்லை, எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லை என்ற மாதிரி. பெயரின் மேல் கறுப்புக் கோடு இழுத்திருந்தார்கள். கீழே ‘இந்தக் காலத்துப் பிள்ளைங்க’ என்று ஒரு குறிப்பு, கூடவே சிரிக்கும் முகம்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புக் கோட்டுக்கு வெளியே சுயவிவரப் படத்தின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. ஒரு தலையணை, நீல நிறம். எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று மேசைக்கு எதிரே இருந்த என் மனைவியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, ‘ஐயோ, இது உங்க அக்கா வீட்டு சோபா’ என்றாள்.

அந்தப் பெண் என் அக்கா மகள். கிள்ளானில்தான் இருக்கிறாள். இன்று நன்றாக இருக்கிறாள்; அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதை எழுத அவள்தான் அனுமதி கொடுத்தாள். அந்த வார இறுதியில் அவளைப் பார்க்கப் போனபோது நான் மன்னிப்புக் கேட்கத் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் வேறொன்று கேட்டாள். ‘மாமா, பேஸ்புக் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் யாருகிட்ட சொல்வாங்க?’

என்னிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லயத்துச் சுவர் தெரியும். பலகைச் சுவர், அதுவும் கூரை வரை எட்டாது. அடுத்த வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். அழுதாலும் கேட்கும். ஆகவே ‘யாரிடம் சொன்னார்கள்’ என்ற கேள்விக்கு முதல் பதில், சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது என்பதுதான். என் அம்மாவின் காலத்தில் மனம் சரியில்லாத பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். சாமியாடி குறி சொல்வார், திருநீறு போடுவார். உடம்பு மெலிந்தால் தோட்டத்து டிரெசரிடம் ஊசி போடுவார்கள். பட்டணத்துக்கு வந்தவர்களுக்குப் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் கிளி ஜோசியர் இருந்தார். கிளி எடுக்கும் சீட்டைவிட, அவர் எதிரே உட்கார்ந்து ஒரு பத்து நிமிடம் பேச முடிந்ததுதான் பலருக்கு மருந்தாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். லயத்தில் ரகசியம் தங்காது. ஆனால் அந்தப் பேச்சுக்கு ஆயுள் குறைவு. வாயிலிருந்து வாய்க்குப் போகும்போது கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ஆறு மாதத்தில் வேறொரு வீட்டுக் கதை வந்து இதை மூடிவிடும். சொன்னவளின் சொந்த வார்த்தைகள், அவள் எழுதிய அதே எழுத்துப் பிழைகளோடு, பத்தாண்டு கழித்து யார் கைபேசியிலாவது கிடக்கும் ஆபத்து அன்று இல்லை.

கோயிலும் டிரெசரும் போதாதபோது மிச்சமிருந்தது ஓர் ஊர்ப் பெயர். தஞ்சோங் ரம்புத்தான். ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911-இல் ஆங்கிலேயர் திறந்த மனநல விடுதி அங்கே இருக்கிறது. அப்போது அதன் பெயரிலேயே ‘பைத்தியக்காரர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. இப்போது அதற்கு ‘பஹாகியா’ மருத்துவமனை என்று பெயர். மலாயில் மகிழ்ச்சி என்று அர்த்தம். பெயர் மாறினாலும் நம் வாயில் ஊர்ப் பெயர் மாறவில்லை. ‘அவனை தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்’ என்பது இன்றும் பள்ளிக்கூட வாசலில் கேட்கும் வசவு. நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு சமூகம் ஒரு மருத்துவமனையின் முகவரியைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினால், அங்கே போக யார் முன்வருவார்கள்?

இதற்கு மேல் சட்டம் வேறு. மெக்காலே தொடங்கிவைத்து 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதைக் குற்றமாக்கியது. அதே சட்டத்தின் வார்ப்பு 1872-இல் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளுக்கு வந்தது. பிறகு மலாயா முழுவதற்கும் பரவியது. பிரிவு எண்கூட மாறவில்லை. முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நம் மொழியிலும் அந்தக் குற்றம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ‘தற்கொலை’ என்ற சொல்லுக்குள்ளேயே கொலை இருக்கிறது. அதனால்தான் நான் இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லை முடிந்தவரை தவிர்க்கப் பார்க்கிறேன். முழுவதும் முடியாது என்றும் தெரியும்.

மலேசிய இந்தியரிடையே இந்த மரணங்கள் அதிகம் என்பது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியல்ல. கேமரன் மலையை வைத்து உளநல மருத்துவர் டி. மணியம் எழுதிய ஆய்வு 1988-இல் பிரிட்டிஷ் உளமருத்துவ இதழில் வந்தது. அந்த மலைப்பகுதியில் இந்தியர்களின் விகிதம் மற்ற இனத்தவரைவிட மிகவும் கூடுதலாக இருந்ததை அவர் அதில் பதிவு செய்தார். அதற்குப் பிறகு எத்தனை தேர்தல் வந்துபோனது என்று எண்ணிப் பாருங்கள். நம் மேடைகளில் தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், குண்டர் கும்பல் எல்லாம் பேசப்பட்டன. இது மட்டும் ‘குடும்ப விஷயம்’ ஆகவே இருந்தது.

*

முகம் தெரியாத ஒருவரிடம் தொலைபேசியில் மனம் திறப்பது என்ற ஏற்பாடு லண்டனில் பிறந்தது. சாட் வாரா என்ற ஆங்கிலிக்கப் பாதிரியார். 1935-இல் அவர் இளம் பாதிரியாராகச் செய்துவைத்த முதல் இறுதிச் சடங்கு ஒரு 14 வயதுச் சிறுமியுடையது. மாதவிலக்கு வந்ததை ஏதோ கேவலமான நோய் என்று நினைத்து, கேட்க ஒரு ஆள் இல்லாமல் பயந்து செத்துப்போனவள். அது அவர் மனதில் பதினெட்டு வருடம் கிடந்திருக்கிறது. 1953 நவம்பர் 2-ஆம் தேதி, செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று அறிவித்தார். எண், மேன் 9000. அன்று இங்கிலாந்திலும் இது குற்றம்தான். 1961-இல்தான் அங்கே அந்தச் சட்டம் நீங்கியது.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்தது. வாரா தானே ஆலோசனை சொல்வதாகத்தான் திட்டம். கூட்டம் வந்ததும், காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கவும் பேச்சுத் துணைக்கும் சாதாரண ஆட்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார். வெளியறையில் தேநீர் கொடுத்தவரிடமே மனதைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே பலர் லேசாகித் திரும்பிப் போனார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது அறிவுரை இல்லை. 1954 பிப்ரவரியில் வாரா அந்தத் தொலைபேசியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். சமாரித்தன்ஸ் இயக்கம் உருவான கதை இது.

சிங்கப்பூரில் அதே பெயரிலான அமைப்பு 1969-இல் வந்தது. கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸ் 1970-இல். இலங்கையில் சுமித்ரயோ 1974-இல், சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா 1986-இல். தமிழர் வாழும் கரைகளை ஒவ்வொன்றாக அது தொட்டிருக்கிறது. எல்லா இடத்திலும் அடிப்படை விதிகள் ஏறக்குறைய ஒன்றுதான். பெயர் சொல்ல வேண்டியதில்லை. கேட்டது வெளியே போகாது. தீர்ப்புச் சொல்வதில்லை. முடிவு அழைத்தவருடையது.

சட்டப் புத்தகத்தில் 309 இருந்த நாட்டில் ‘பெயர் வேண்டாம்’ என்பது வெறும் மரியாதை இல்லை, ஒரு காப்பு. ஏற்கெனவே ஒரு முறை முயன்று தப்பியவர் தன் பெயரோடு அதைச் சொன்னால், அது பாதி வாக்குமூலம் மாதிரி. பெயரில்லாத குரலை எந்தக் காவல்காரரும் பிடிக்க முடியாது.

ஆனால் 1970-இல் தோட்டத்தில் தொலைபேசி எங்கே இருந்தது? ஆபீசில் இருந்தது. கிராணி பக்கத்தில் இருந்தார். அங்கே போய் யார் என்ன பேச முடியும்? ஆகவே முதல் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு இந்தக் குரல் பட்டணத்துக் குரல்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஆட்கள் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது எல்லார் வீட்டிலும் தொலைபேசி வந்தது. கூடத்தின் நடுவில் இருந்தது. பில் அப்பா பெயரில் வந்தது.

*

இணையம் அந்தக் கூடத்திலிருந்து நம்மை அறைக்குள் கொண்டுவந்தது. 1994-லேயே சமாரித்தன்ஸ் மின்னஞ்சல் வழியாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எழுதும் தொண்டர்கள் எல்லாரும் ‘ஜோ’ என்ற ஒரே பெயரில் பதில் எழுதுவார்கள். கோலாலம்பூரில் அந்த முகவரிப் பெயர் ‘சாம்’. இரு பக்கமும் முகமில்லை. இது பழைய விதியின் நேர் வாரிசு.

பிறகு சமூக ஊடகம் வந்து அந்த விதியைத் தலைகீழாக்கியது. முகநூல் முதலில் கேட்டதே உண்மைப் பெயரைத்தான். அடுத்துப் படம், பள்ளி, வேலை, பிறந்த நாள், உறவுமுறை. அதன்பின் ‘உங்கள் மனதில் என்ன?’ என்று கேட்டது. உலகத்தில் வேறு எந்தக் கேட்பவரும் இந்த வரிசையில் கேட்டதில்லை.

கேட்பதில் ஐம்பது, அறுபது ஆண்டுப் பழக்கம் உள்ளவர்களே இந்தப் புது இடத்தில் தடுமாறினார்கள். 2014 அக்டோபர் கடைசியில் சமாரித்தன்ஸ் ‘ராடார்’ என்ற செயலியை வெளியிட்டது. நீங்கள் டுவிட்டரில் தொடரும் ஒருவர் ‘தனியாக இருக்கிறேன்’, ‘வெறுத்துப்போச்சு’ போன்ற வாக்கியம் எழுதினால் உங்களுக்கு மின்னஞ்சல் எச்சரிக்கை வரும். எழுதியவருக்கு இது தெரியவே தெரியாது. நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒருவரைத் தொடர்பவர் எல்லாரும் நண்பரா என்ன? பழைய காதலன், பழிவாங்கக் காத்திருப்பவன், வேலையிடத்து எதிரி எல்லாரும் தொடர்வார்கள். ஒருவர் மிகப் பலவீனமாக இருக்கும் நேரத்தை அவர்களுக்கு மணியடித்துச் சொல்லும் கருவி அது. மனநலச் சிக்கலோடு வாழ்பவர்களே முதலில் எதிர்த்தார்கள். ஒன்பது நாளில் அதை நிறுத்திவிட்டார்கள். நல்ல எண்ணத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையிலுள்ள தூரம் பற்றி யாராவது கேட்டால் நான் இந்த ஒன்பது நாளைத்தான் சொல்வேன்.

எங்கள் ஊர்க் கதை இதைவிடக் கடுமை. 2019 மே மாதம் சரவாக்கில் ஒரு 16 வயதுப் பெண் தன் உயிரைப் பற்றியே இன்ஸ்டாகிராமில் ஒரு வாக்கெடுப்பு வைத்தாள். அது உதவி கேட்டல் என்று புரியாமல், அல்லது புரிந்தும், பலர் பொத்தானை அழுத்தினார்கள். ஓராண்டு கழித்து 2020 மே மாதம், பினாங்கில் 20 வயது இந்தியப் பெண். உடன் வேலை பார்த்தவரோடு அவர் இருந்த டிக்டாக் காணொளியை யாரோ எடுத்து, கேலி எழுதி, முகநூலில் பரப்பினார்கள். எடுத்துவிடச் சொல்லிக் கேட்டும் நடக்கவில்லை. கீழே கருத்து எழுதியவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள், நம் தமிழில்.

அதற்கடுத்த ஆண்டு முடக்கக் காலத்தில் வெள்ளைக் கொடி வந்தது. 2021 ஜூன் கடைசி வாரம். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர் சன்னலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், யாராவது வந்து தருவார்கள். நான் பார்த்த உதவி கேட்கும் முறைகளிலேயே கண்ணியமானது அதுதான் என்று அப்போது நினைத்தேன். பெயர் வேண்டாம், கதை வேண்டாம், வீட்டு எண் போதும். அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் மட்டும் 468 பேர் தம்மை மாய்த்துக்கொண்டார்கள் என்று காவல் துறை சொன்னது. அதற்கு முந்தைய 2020 முழுமைக்கும் 631. கொடி ஏறிய இரண்டாம் வாரமே அரிசி மூட்டையை நீட்டும் கையும் வாங்குபவரின் முகமும் சேர்ந்த காணொளிகள் வரத் தொடங்கிவிட்டன. வாங்குபவரின் முகத்தை மறைக்கவேண்டும் என்ற யோசனை எத்தனை பேருக்கு வந்தது?

309ஆம் பிரிவு போவதற்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆனது. 2023 மே 22-ஆம் தேதி மக்களவையில் அதை நீக்கும் மசோதா நிறைவேறியது. இலங்கை 1998-லேயே நீக்கிவிட்டது. சிங்கப்பூரில் 2020-இன் முதல் நாளிலிருந்து அது குற்றமில்லை. இந்தியாவில் 2017-இன் மனநலச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. நாங்கள் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தோம்.

*

ஈஷா என்று அறியப்பட்ட அ. ராஜேஸ்வரியைப் பற்றி எழுதாமல் இதைக் கடக்க முடியாது. டிக்டாக்கில் பலர் அறிந்த முகம்; சமூகப் பணிகளிலும் இருந்தவர். 2024 ஜூலை 5-ஆம் தேதி கோலாலம்பூரில் இறந்தார். அதற்கு முந்தின நாள்தான் தனக்கு வரும் பாலியல் வன்முறை மிரட்டல்கள் பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார். புகார் கொடு, ஆதாரம் சேர், பேசாமல் இருக்காதே என்று நாம் சொல்லிக்கொடுப்பதை எல்லாம் அவர் செய்திருந்தார்.

அந்த உலகத்தை அறியாத வாசகருக்காக ஒரு வார்த்தை. மலேசியத் தமிழ் டிக்டாக்கில் இரவு நேரலை என்று ஒன்று உண்டு. இருவர் எதிரெதிரே வந்து பேசுவார்கள். பேச்சு சண்டையாகும். சண்டை சூடானால் பார்ப்பவர்கள் பரிசு அனுப்புவார்கள், பரிசு பணமாகும். யாரையாவது பெயர் சொல்லி இழிவுபடுத்துவது அங்கே ஒரு வருமானம். பேசும் மொழி தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த நம் தெருமொழி. அதை எந்தத் தளத்தின் வடிகட்டியும் ஒழுங்காகப் படிக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். ஒரு தளத்தில், நம் பேச்சுத்தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிய பச்சையான கெட்ட வார்த்தை ஒன்றைப் பற்றி நான் புகார் அனுப்பினேன். ‘எங்கள் விதிகளை மீறவில்லை’ என்று நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. நான்கு நிமிடத்தில் ஒரு மனிதர் அதைப் படித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஈஷா வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 ரிங்கிட். எல்லாரும் நீதிபதியைத் திட்டினார்கள். ஆனால் அவர்மீது சுமத்தப்பட்டது 1955-இன் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அதில் அதிகபட்சமே அந்த 100 ரிங்கிட்தான். சாலையில் நின்று கத்துபவருக்காக எழுதிய சட்டம். லட்சம் பேர் பார்க்கக் கத்துபவருக்கென்று அன்று சட்டப் புத்தகத்தில் தகுந்த பிரிவு இல்லை. வழக்கில் இன்னொருவர் சிறைக்குப் போனார் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த 100 ரிங்கிட்தான் சட்டத்தை நகர்த்தியது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகளைச் சேர்த்தது. 2025 ஜூலையில் அவை நடப்புக்கு வந்தன. மிரட்டுவதும் இழித்துப் பேசித் துன்புறுத்துவதும், துன்புறுத்தும் நோக்கத்தில் ஒருவரின் அடையாளத் தகவலைப் பரப்புவதும் இப்போது தனிக் குற்றங்கள். அப்படித் தூண்டியதால் ஒருவர் உயிரை மாய்க்க முயன்றால் 10 ஆண்டு வரை சிறை. 309-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூற்றைம்பது ஆண்டாக விழுந்தவரைத் தண்டித்த அதே சட்டப் புத்தகம், இப்போதுதான் தள்ளியவரைத் தேடத் தொடங்கியிருக்கிறது. எனக்கு இது சின்ன மாற்றமாகத் தெரியவில்லை. ஆனால் சட்டம் நடந்து முடிந்ததற்குப் பிறகு வருவது. இரவு இரண்டு மணிக்குக் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது எட்டாது.

*

அக்கா மகள் அந்தப் பதிவைப் போட்ட இரவில் அவளுக்கு என்ன வந்தது என்று பின்னர் காட்டினாள். குழுவின் உறுப்பினர்களிடமிருந்து உட்பெட்டிக்குப் பதினான்கு செய்திகள். ஒருவர் மனக்கவலை தீர்க்கும் எண்ணெய் விற்கிறார். ஒருவர் கடன் தருகிறாராம். இன்னொருவர் தன்னை ‘ஹீலிங் கோச்’ என்று அறிமுகப்படுத்தி, மூன்று அமர்வுக்கு 380 ரிங்கிட், பாதி முன்பணம் என்றார். பெண்கள் குழு என்று பெயர். ஆனால் ஒரு கணக்குப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டது. ஈப்போவிலிருந்து ஒரு அம்மா மட்டும் ‘சாப்பிட்டியாம்மா?’ என்று கேட்டிருந்தார். அவளும் பதில் போட்டிருக்கிறாள், இல்லை என்று. ‘பிஸ்கட் இருக்கா பாரு’ என்றிருக்கிறார் அந்த அம்மா. வால்புரூக் தேவாலயத்தில் தேநீர் கொடுத்த பெண்ணை எனக்கு நினைவுபடுத்தியவர் அவர்.

மறுநாள்தான் ஸ்கிரீன்ஷாட் வெளியே போனது. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. மூடிய குழு என்றால் கதவு மூடியிருக்கிறது என்றுதான் அர்த்தம். உள்ளே நாலாயிரம் பேர் இருக்கலாம். அவள் அதை இப்படிச் சொன்னாள்: ‘லயத்துல பலகை சுவர்னு சொன்னீங்களே மாமா, அதேதான். இங்க கதவுல மட்டும் பூட்டு.’

‘ஹீலிங் கோச்’ பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மலேசியாவில் கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. 1998-இன் கவுன்சலர்கள் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும்; பதிவு எண் ‘கேபி’ என்ற எழுத்துகளோடு இருக்கும். கேட்டால் சொல்வது அவர்களுக்குச் சாதாரண விஷயம். என் அக்கா மகள் அந்த ஆளிடம் கேபி எண் கேட்டாள். அவர் அவளைத் தடுத்துவிட்டு, குழுவில் அவளைப் பற்றி வேறு ஏதோ எழுதினார். ‘கோச்’, ‘ஹீலர்’ போன்ற பெயர்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்பதற்கென்றே சிலருக்குப் பிடித்திருக்கின்றன.

பதிவு பெற்றவர்கள், பெரிய நிறுவனங்கள் என்றால் கவலையில்லை என்றும் சொல்லிவிட முடியவில்லை. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனம். அதன் கணினியில் இருந்த நோயாளிகளின் குறிப்புகள் திருடப்பட்டன. 2020 அக்டோபரில் திருடியவன் நோயாளிகளுக்கே நேரடியாக எழுதினான்: பணம் தா, இல்லையென்றால் நீ சொன்னதையெல்லாம் ஊருக்குச் சொல்வேன். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிக்கினார்கள். அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற இணைய ஆலோசனை நிறுவனம் வாடிக்கையாளர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக முகநூல் போன்ற தளங்களோடு பகிர்ந்ததாக அங்குள்ள வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. ஒன்று திருட்டு, இன்னொன்று வியாபாரம். சொன்னவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவள் இப்போது என்ன செய்கிறாள்? குழுக்களை விட்டுவிடவில்லை. அது எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. ‘அங்கதான் மாமா என்னை மாதிரி ஆளுங்க இருக்காங்க’ என்றாள். ஆனால் உள்ளே போவது வேறு பெயரில், வேறு மின்னஞ்சலில். சுயவிவரப் படம் ஒரு பூ. வேலையிடம், ஊர், மருந்தின் பெயர் எதையும் எழுதுவதில்லை. இரவில் எழுதத் தோன்றினால் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறாள். காலையில் படித்த பிறகும் போடத் தோன்றினால் போடுகிறாள். யாராவது அசிங்கமாக எழுதினால் உடனே தடுத்துவிடாமல், முதலில் தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறாள், பிறகுதான் தடுக்கிறாள். தடுத்துவிட்டால் பிறகு காவல் நிலையத்தில் காட்ட ஒன்றும் மிஞ்சாது என்று யாரோ அனுபவப்பட்ட பெண் சொல்லிக்கொடுத்தாராம். இன்னொன்றும் செய்தாள். ஈப்போ அம்மாவைத் தவிர, நேரில் ஒரே ஒரு ஆளிடம் எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த ஆள் நானில்லை. நியாயம்தான்.

எல்லாவற்றுக்கும் முன், ஸ்கிரீன்ஷாட் சுற்றிக்கொண்டிருந்த அந்த இரவில், அடுக்குமாடியின் படிக்கட்டில் உட்கார்ந்து பிஃபிரெண்டர்ஸுக்கு அழைத்திருக்கிறாள். 03-7627 2929. இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேச ஆள் கேட்கலாம் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கவில்லை. பேச்சு பாதியில் ஆங்கிலம் நின்றுபோனபோது, அந்தப் பக்கம் இருந்தவர்தான் ‘தமிழ்லயே சொல்லுங்க, பரவால்ல’ என்றிருக்கிறார். நாற்பது நிமிடம். பெயர் கேட்கவில்லை. சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்ற எண்ணும் இருக்கிறது. அதை அவள் பிறகு ஒரு முறை பயன்படுத்தினாள். அதன்பின் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிக் கடிதம் வாங்கி, அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். தேதி கிடைக்கக் கொஞ்சம் நாளானது. அந்த இடைவெளியில் படிக்கட்டும் அந்த எண்ணும்தான்.

குடும்பப் புலனக் குழுவில் நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் அது அவளைப் பற்றியதுதான் என்று நானே ஊர்ஜிதம் செய்ததாகிவிடும் என்று அவள் தடுத்துவிட்டாள். அந்தப் படம் அங்கேயே இருக்கிறது. அதற்கு மேல் இப்போது நிறைய முருகன் படங்கள்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். வரலாற்றுப் பகுதியை வேகமாகத் தள்ளிவிட்டு, தன்னைப் பற்றிய இடங்களை மட்டும் இரண்டு முறை படித்தாள். மூன்று இடங்களை மாற்றச் சொன்னாள். அவள் இருக்கும் ஊர், அந்த ஹீலிங் கோச் கேட்ட தொகை, தலையணையின் நிறம். மூன்றையும் மாற்றிவிட்டேன்.